கிருபாவதி வைத்த பொட்டு

ஒரு முகத்தைச் சின்னதாக்கச் சின்னதாக்க அது இருட்டிக்கொண்டே போகும். கன்னம் எது, கழுத்து எது என்று தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். கண்கள் இரண்டும் குழியாகிவிடும். சுண்டுவிரல் நகத்தளவுக்கு வந்து நிற்கும்போது பெற்ற தாயே அடையாளம் கண்டுபிடிக்கத் திணறுவாள். அந்த முகத்தை இருட்டிலிருந்து மறுபடியும் வெளியே கொண்டுவருவதுதான் கிருபாவதியின் வேலை.

தேனி கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவளுடைய அண்ணன் பொன்னுராஜ் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. கலர் படம் என்பதைச் சினிமாவில்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் கலர் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. அதிலும், சங்கிலியில் கோக்கிற டாலருக்குள் வேண்டியவர்களின் முகத்தைக் கலரில் வைத்துப் போட்டுக்கொள்ளும் மோகம் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருந்தது. ஓடைப்பட்டித் தோட்டக்காரர்கள் தலைப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்தார்கள். மேகமலையிலிருந்து இறங்கி வந்த எஸ்டேட் ஆட்கள், ஊரில் விட்டுவந்த மனைவியின் படத்தைச் சட்டைப் பையிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டினார்கள்.

பொன்னுராஜ் அந்தப் படத்தைச் சுவரில் குத்தி வைத்து, கேமராவைத் தள்ளி நிறுத்தி மறுபடி எடுப்பார். கழுவிய சின்னப் படம் கிருபாவதியிடம் வரும். முதலில் அதை ஒரு மஞ்சள் மருந்துத் தண்ணீரில் முக்கி முகத்தை வெளுக்க வைப்பாள். ஒரு கணம் கூடுதலாக முக்கினால் முகமே கரைந்துவிடும். பிறகு வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் மாட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான்கைந்து மயிர் மட்டும் விட்டு வெட்டிய பிரஷ்ஷால் நிறம் ஏற்றுவாள். கன்னத்துக்கு நிறம் வைத்ததே தெரியக் கூடாது. உதட்டுக்குக் கொஞ்சம். சேலைக்குக் கரை மட்டும் தெரிந்தால் போதும். கடைசியாகப் பொட்டு. பெண்ணின் படமாக இருந்தால், பொட்டு வைத்த அந்த நொடியில்தான் அது உயிர் பெறும். அதுவரை யாரோவாக இருந்தவள் ஒருத்தியின் அம்மாவாக, ஒருவனின் மனைவியாக ஆகிவிடுவாள்.

கிருபாவதி வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவள். அவள் நெற்றியில் பொட்டு கிடையாது. வயது முப்பத்தைந்து. போடியிலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்து, நாள் குறிக்கிற வரைக்கும் போனபோது அவளுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் படுக்க வைக்கவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரு வருஷம் பொறுங்கள் என்று கேட்டாள். வாத்தியார் வீட்டார் அடுத்த தையிலேயே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அந்தக் கல்யாணப் போட்டோ கலர் வைக்க இந்த ஸ்டுடியோவுக்குத்தான் வந்தது. மணப்பெண்ணின் உதட்டுக்குக் கிருபாவதிதான் நிறம் வைத்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்று அவள் அண்ணி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். நடுங்காமல் இருக்க அந்தக் கை பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை.

இப்படி, அடுத்தவர்களின் வாழ்க்கைக்கு நிறம் ஏற்றிக்கொண்டு அவள் இருந்த நாளில்தான் அனுமந்தன்பட்டியிலிருந்து பவுனு வந்தாள். வைகாசி மாதம். பவுனுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், ஓடைப்பட்டி மாப்பிள்ளை. இரண்டு கதவு வைத்த ஒரு டாலரையும் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தாள்.

"ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. அப்பா படம் வீரபாண்டித் திருவிழாவுல எடுத்தது. அம்மா படம் இந்தப் பொங்கலுக்கு உத்தமபாளையத்துல எடுத்தோம்."

"அப்பா சட்டை என்ன கலரும்மா?"

"வெளிர் நீலமாம். அம்மாவக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"அம்மா சேலை?"

"கத்திரிப்பூ. கரை அரக்கு."

"அம்மா கருப்பா, செவப்பா?"

"என்னய மாதிரிதான். பாத்து வைங்கக்கா. ரொம்ப வெள்ளையாக்கிட்டா, எந்தச் சீமையில இருந்து அம்மாவக் கூட்டியாந்தேன்னு மாமியா வீட்டுல சிரிப்பாக."

கிருபாவதி எல்லாவற்றையும் கேட்டாள். பொட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயமாக அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் குங்குமச் சிவப்பும் கருப்பாகத்தான் விழும். நெற்றியில் கரும்புள்ளி இருந்தால் குங்குமம். புருஷன் இல்லாதவள் என்றால் புள்ளியே இருக்காது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நல்ல குங்குமச் சிவப்பாக, அழுத்தமாக வைத்தாள்.

டாலரை வாங்க வந்தபோது பவுனு கதவைத் திறந்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏம்மா, சரியில்லையா?"

"நல்லா இருக்காகக்கா. எங்கம்மா ரொம்ப நல்லா இருக்காக."

அவள் கண் நிறைந்துவிட்டது. கல்யாணப் பெண்கள் எதற்கெடுத்தாலும் அழுவார்கள் என்று கிருபாவதி நினைத்துக்கொண்டாள். எதற்காக அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் போய்விட்டாளே!

நிச்சயதார்த்தத்துக்குப் போட்டோ எடுக்கப் பொன்னுராஜைத்தான் அழைத்திருந்தார்கள். பெண்களை உட்கார வைத்துச் சேலை மடிப்பைச் சரிசெய்ய அவர் எப்போதும் தங்கையைக் கூட்டிப் போவார். அனுமந்தன்பட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் கிருபாவதியின் கண்கள் பவுனுவின் அம்மாவைத் தேடின. கண்ணாடிக்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்த முகம் அல்லவா, கூடப் பிறந்தவளைப் பார்க்கப் போவது போல ஓர் ஆசை. கொல்லைப்பக்கம் அடுப்பில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள் பாண்டியம்மாள். கத்திரிப்பூச் சேலை. அதே மெலிந்த கன்னம். நெற்றியில் மட்டும் சிவப்பு இல்லை. கருகருவென்று ஒரு சாந்துப் பொட்டு.

கிருபாவதி ஓரமாக ஒதுங்கினாள். பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அக்கம்மாள் என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

"அவுக ஏன் கருப்பு வச்சிருக்காக?"

அக்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒங்களுக்குத் தெரியாதா? இதோட வீட்டுக்காரரு குருசாமியண்ணன் குமுளிக்கு அங்கிட்டு ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போனாரு. அப்ப பவுனுக்குப் பல்லு விழுந்து மொளைக்கிற வயசு. அதோட ஆளும் இல்ல, சேதியும் இல்ல. மலையில மண்ணு சரிஞ்சு போயிட்டாருங்கிறாக. கோட்டயத்துப் பக்கம் ஒருத்தியோட இருக்காருங்கிறாக. கண்ணால பாத்தவுக யாரு?"

"அதுக்கும் இதுக்கும்..."

"செவப்பு வச்சா, புருசன் எங்கன்னு கேப்பாக. வைக்காம விட்டா, இருக்கிற மனுசன நாமளே கொன்ன மாதிரி. அதான் கருப்பு. ஊரும் கேக்கல, இதுவும் சொல்லல. இத்தன வருசம் ஓடிப்போச்சு."

கிருபாவதி கூடத்துக்கு ஓடினாள். பவுனு மணையில் உட்கார்ந்திருந்தாள். டாலர் சேலைக்கு மேலே எடுப்பாகத் தொங்கியது.

"பவுனு, அதக் கழட்டிக் குடும்மா. கொக்கி சரியில்ல."

பவுனு நிமிர்ந்து பார்த்தாள். டாலரைக் கையால் மூடிக்கொண்டாள். எல்லாம் தெரிந்துதான் போட்டிருக்கிறாள் என்பது கிருபாவதிக்கு அந்தப் பார்வையில் புரிந்தது.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் இருக்கட்டும்க்கா. எங்கம்மா செவப்பு வச்சுப் பாத்த ஞாபகமே எனக்கு இல்ல."

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மொக்கம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "என்னடி அது, மாமியாகிட்டக் காட்டாம மறைக்கிற?" என்று டாலரை இழுத்துத் திறந்தாள். "பாருங்கடி கூத்த. நம்ம வீட்டுக்கு வரும்போதே அப்பனையும் ஆத்தாளையும் கழுத்துல கட்டிக் கூட்டியாந்துருவா போல."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு என்று டாலர் சங்கிலியோடு கழன்று கை மாறியது. கிருபாவதி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடுங்க முடியுமா? கூச்சல் போட முடியுமா? பெண்கள் பக்கத்தைக் கடந்து அது ஆண்கள் பக்கம் போனது. மொக்கம்மாளின் தம்பி சின்னக்கருப்பு அதை வாங்கினார். எந்த விசேஷத்திலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் எழுந்திருக்காத மனிதர்.

"அடடே, சம்பந்தியம்மா நெத்தியில செக்கச் செவேல்னு இருக்கே. அப்ப சம்பந்தி வந்துட்டாரா? சொல்லவே இல்ல. எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக? வரச் சொல்லுங்கப்பா, தாம்பூலம் மாத்த ஆளு வேணும்ல."

வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. எல்லோருடைய பார்வையும் கொல்லை வாசலுக்குப் போனது. பாயசத் தட்டோடு பாண்டியம்மாள் அங்கே நின்றிருந்தாள். சின்னக்கருப்பின் உள்ளங்கையில் அவள் சிவப்பு. வாசலில் அவள் கருப்பு. ஒரே கூடத்தில் அந்த ஏழைப் பெண் இரண்டு பேராக நின்றாள்.

"ஏலே, வாயக் கட்டு" என்று தம்பியை அதட்டினாள் மொக்கம்மாள். ஆனால் வார்த்தை விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அவன் கேட்டதுல தப்பென்னத்தா? ஆளு இருக்காரா, இல்லையா? ஒண்ணு தெரியணும்ல."

கிருபாவதி முன்னால் வந்தாள். அந்நிய ஆண்கள் நிறைந்த சபையில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"தப்பு என்னுதுங்க. போட்டோவுல கருப்பும் செவப்பும் ஒண்ணாத்தான் தெரியும். நான்தான் கேக்காம செவப்பு வச்சுட்டேன். இவுக யாரும் வைக்கச் சொல்லல."

மொக்கம்மாள் அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல தாயி. நீங்க பொட்டு வைக்காதவுக, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாங்களும் தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தோம். நெத்தியில கருப்பப் பாத்தோம். கேக்கல. கேக்காம இருந்தவரைக்கும் இருந்துட்டோம். இப்பச் சபையில வாய் விட்டுக் கேட்டாச்சு. கேட்ட பெறகு கேக்காத மாதிரி எப்பிடி இருக்கிறது?"

பிறகு பாண்டியம்மாளின் பக்கம் திரும்பினாள். "இருக்காருன்னா வரட்டும் மதினி. இல்ல, ஒரு சேதியாச்சும் வரட்டும். வரலைன்னா செய்யவேண்டியதச் செஞ்சிருங்க. ஆடி கழியட்டும், ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிருவோம். எம் மகனுக்கு ஒங்க பொண்ணுதான். அதுல மாத்தம் இல்ல."

நல்ல மனுஷி. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் பாண்டியம்மாள் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருப்பாள். நல்லவர்களிடம் என்ன பேசுவது?

"எனக்குக் கல்யாணமே வேணாம்மா" என்று பவுனு மணையிலேயே தேம்ப ஆரம்பித்தாள்.

"சத்தம் போடாத" என்றாள் பாண்டியம்மாள். அவ்வளவுதான். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "பாயசம் ஆறிப்போகுது, எடுத்துக்கங்க" என்று தட்டை நீட்டினாள்.

கிருபாவதி ஊருக்குத் திரும்பியதும் கருப்புப் பொட்டு வைத்து வேறொரு சின்னப் படம் செய்தாள். அதை எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினாள். பாண்டியம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. இது முன்னயே வந்திருக்கலாம்" என்றாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால் கிருபாவதி அவள் காலில் விழுந்து அழுதிருப்பாள். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

அடுத்து அவளால் முடிந்தது ஒன்றுதான். குருசாமியின் திருவிழாப் படத்தைப் பெரிதாக்கி, முகம் துலங்கக் கலர் வைத்துக் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டு பாண்டியம்மாளும் அவள் கொழுந்தனும் குமுளி தாண்டிப் போனார்கள். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில், டீக்கடைகளில், ஜீப் நிற்கிற இடங்களில் நீட்டிக் கேட்டார்கள். "கண்டிட்டில்லா", பார்த்ததில்லை என்று ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆளு இத்தனை வெளுப்பா?" என்று கேட்டாராம். பாண்டியம்மாளுக்கே அப்போது குழப்பம் வந்துவிட்டது. அந்த மனிதனின் நிறம் உண்மையில் இதுதானா, இல்லை இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தனக்கு அப்படிப் பதிந்துவிட்டதா? படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

சேதி எதுவும் வரவில்லை. ஆனி கழிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் வைத்துக் காரியம் செய்தார்கள். உடம்பு இல்லாததால் குருசாமியின் வேட்டி ஒன்றை மடித்து வைத்தார்களாம். தாலியைக் கழற்றும்போது பாண்டியம்மாள் அழவில்லை என்று சொந்தக்காரப் பெண்கள் குறையாகப் பேசிக்கொண்டார்களாம். யாருக்காக அழுவது? செத்தவனுக்காகவா, உயிரோடு இருக்கிறவனுக்காகவா?

அதே நேரம் கிருபாவதி தேனியில் வேதக்கோயிலில் மண்டியிட்டிருந்தாள். ஜெபம் வரவில்லை. கர்த்தரிடம் என்ன கேட்பாள்? அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் என்றா? இருந்தால், இப்போது ஆற்றங்கரையில் நடக்கிறதற்குப் பெயர் என்ன? செத்திருக்க வேண்டும் என்றா? வேதக்காரப் பெண் அப்படியும் கேட்கலாமா? பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் முழங்காலிலேயே இருந்தாள். அண்ணி வந்து தோளைத் தொட்டாள்.

தீட்டுக் கழிந்து சில நாளில் பாண்டியம்மாள் தனியாக ஸ்டுடியோ படியேறி வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் சாந்து இருந்த இடத்தில் தோல் மட்டும் வட்டமாகக் கருத்திருந்தது. கழுவினாலும் போகாத கருப்பு.

"பவுனுக்கு டாலர் படம் மாத்தணும் தாயி. போட்டுக்கிட்டுப் போகயில யாரும் ஒண்ணும் கேட்டுறக் கூடாது."

"அதுக்கென்னக்கா, பழைய படமே இருக்கு. நெகட்டிவுல பென்சில் வச்சா அந்தப் பொட்டு மறைஞ்சிரும். நீங்க செரமப்பட வேணாம்."

"வேணாம்." பாண்டியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத அழிச்சுறாதீக. அது நான் நம்பிக்கிட்டிருந்தப்ப எடுத்தது. அது அங்கனயே கெடக்கட்டும். இப்ப இருக்கிற மாதிரியே புதுசா ஒண்ணு எடுங்க. எம் மக கழுத்துல இந்த ஆத்தாளே தொங்கட்டும்."

ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பொன்னுராஜ் விளக்கைப் போட்டுவிட்டுக் கருப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"தலைய நிமித்துங்கம்மா."

நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம். மூஞ்சியில வெளிச்சமே விழல."

பாண்டியம்மாள் நிமிரப் பார்த்தாள். கழுத்து எழும்பிவிட்டு மறுபடி தாழ்ந்தது. கிருபாவதி போய் அவள் முன்னால் குனிந்து, தாடையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உயர்த்தினாள். முகத்துக்கு நேர் முகம். பாண்டியம்மாளின் கண்கள் கிருபாவதியின் நெற்றியிலேயே நின்றன.

"தாயி, ஒங்களுக்கு எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. பொறந்ததுல இருந்து."

"எனக்கு, காத்துப் பட்டாலே நெத்தி கூசுது. வீதியில நடந்தா எல்லாரும் இங்கனயே பாக்குற மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "எத்தன நாளுல பழகும்?"

சீக்கிரம் பழகிவிடும் என்று கிருபாவதி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தாடையை விட்டால் தலை தாழ்ந்துவிடுமே என்று பிடித்தபடியே நின்றாள்.

"நகரு கிருபா" என்றார் துணிக்குள்ளிருந்து பொன்னுராஜ். "நீயும் படத்துல விழுற."